கொல்லைப்புறத்துக் கொய்யா

குறிஞ்சிப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், மாணவருள் எவரேனும் ஒருவர் எழுந்து, தம் வீட்டு வாசலில் நிற்கும் செடியின் பெயரைச் சொல்லி, "ஐயா, கபிலர் பாடிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் இதுவும் வருமா?" என்று கேட்பது வழக்கம். ஓராண்டு ஒரு மாணவர் கொய்யாப்பூவைக் கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. ஏனெனில் அக்கேள்வியைப் பல்லாண்டுகளுக்கு முன் யாமே எம்மைக் கேட்டுக்கொண்டதுண்டு. எம் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்துக்குப் பழந்தமிழ் நூல்களில் ஓரிடம் தேடி ஏமாந்தவர் யாம்.

கொய்யா நம் மண்ணில் தோன்றிய மரமன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி அதன் தாயகம். அங்கிருந்த பழங்குடியினரிடம் கேட்ட பெயரை ஸ்பானியர் 'குவயாபா' என்றனர். போர்ச்சுகீசியர் 'கொயாபா' என்றனர். கப்பலேறி வந்த அச்சொல்லே நம் நாவில் 'கொய்யா' ஆயிற்று என்பர். வந்த சொல்லைத் தமிழ் எத்துணை அழகாகத் தன்வயமாக்கிக் கொண்டது பாருங்கள்! இலக்கணம் பயில்வோர்க்குக் 'கொய்யா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கொய்யாக் கனி என்றால் கொய்யப்படாத கனி. பிஞ்சு விடும்போதே தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து வீழ்த்திவிடும் ஒரு கனிக்கு இதைவிடப் பொருந்தாத பெயரும் உண்டோ?

எம் சந்தில் அதற்கு வேறு பெயர்களும் உண்டு. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார் 'ஜாமகாய' என்பார். இரு வீடு தள்ளி உருது பேசும் குடும்பத்தார் 'ஜாம்' என்பர். அவர் வீட்டுக்கு வடநாட்டிலிருந்து வரும் உறவினரோ 'அம்ரூத்' என்பர். இவ்வம்ரூத் பழைய பாரசீகத்தில் பேரிக்காயைக் குறித்த சொல். தாவரவியலாரைக் கேட்டால், நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது கொய்யா என்பார்கள். பெயர் எதுவாயினும் பழம் கேட்டு வந்து நிற்கும் கைகள் எல்லாம் ஒரே வகையினவாகவே இருந்தன. நிற்க.

தண்டையார்பேட்டை என்றதும் பழமரத்தை நினைப்பவர் இன்று எவரும் இலர். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்குத் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் 'தொண்டியார்' என அழைத்தமையால் இப்பேட்டை இப்பெயர் பெற்றது என்று பெரியோர் கூறுவர். இன்றைய பேட்டையைக் கேட்டோர்க்குக் கண்முன் தோன்றுவன வேறு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரவு பகல் பாராமல் ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகள், எண்ணெய்த் தொட்டிகள், இரயில்வே யார்டு, தொற்றுநோய் மருத்துவமனை, காசிமேட்டிலிருந்து காற்று ஏந்தி வரும் மீன் வாடை. அப்பேட்டையின் சந்து ஒன்றில், பத்தடிக்குப் பதினான்கடி அளவினதாகிய ஒரு கொல்லைதான் எம் மரத்தின் உலகம்.

1996ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், துறைமுகத்தில் கணக்குப் பார்த்து வந்த எம் தந்தையார், மாதவரத்துப் பண்ணையிலிருந்து ஒரு கன்றைச் சைக்கிளில் வைத்துக் கொணர்ந்தார். விதையில் முளைத்த கன்றன்று, பதியன் கன்று. வகை லக்னோ 49. பெயரில் லக்னோ இருப்பினும், 1927 வாக்கில் பூனாவை அடுத்த கணேஷ்கிண்ட் பழப் பண்ணையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை இது. சர்தார் என்றும் சொல்வர். விதையில் முளைத்த கொய்யா தாயைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. காய்ப்புக்கு வரவும் நாளாகும். பதியன் கன்றோ தாய் மரத்தின் கிளையே ஆதலால், தாயின் குணம் மாறாது; இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்த்துவிடும். தந்தையார் இதையெல்லாம் பண்ணையாளரிடம் கேட்டு வந்து எமக்கு விளக்கினார். எம் அன்னையார் கேட்ட கேள்வி ஒன்றே: "தண்ணிக்கு எங்கே போறது?"

அக்கேள்வியில் நியாயம் இருந்தது. எம் பகுதியின் நிலத்தடி நீர் உவர்ப்பானது. கடல் அருகில், மண் மணற்பாங்கு. அடிபம்பில் வரும் நீரில் பருப்பு வேகாது. கொய்யா உவர்ப்பை ஓரளவு தாங்கும் மரம்தான். ஆயினும் தாங்குவது வேறு, வாழ்வது வேறு. முதல் கோடையில் இலை நுனிகள் தீப்பட்டவைபோல் பழுப்பேறிச் சுருண்டன. துணி துவைத்த நீரைத் திருப்பிவிட்டோம். சோப்பு நீர் அதன் நிலையை மேலும் கெடுத்தது. உப்பு நீரோடு சோடாவும் சேர்ந்தால் எந்த வேர்தான் பொறுக்கும்? 'இக்கன்று பிழையாது' என்று யாம் கருதியிருந்த நாளில்தான் அன்னையார் தாம் ஒளுச் செய்யும் கல்லை இடம் மாற்றினார்.

தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் ஆகியவற்றைத் தூய்மை செய்வதை ஒளு என்கிறோம். அன்னையார் அதற்கென ஒரு கருங்கல்லில் அமர்வார். அக்கல் குளியலறை வாயிலில், சாக்கடையை ஒட்டிக் கிடந்தது. அதைப் பெயர்த்துக் கன்றின் அருகே போட்டார். வாய்க்கால் ஏதும் வெட்டவில்லை. கல்லைச் சிறிது சாய்த்துப் போட்டதோடு சரி. குழாயில் வரும் நல்ல நீரைச் சொம்பில் எடுத்து ஒளுச் செய்தால், அது நேரே கன்றின் தூரில் இறங்கும். ஒருவருக்கு ஒரு சொம்பு என்று வைத்துக்கொண்டாலும், ஐவேளைக்கு ஐவர்க்கு இருபத்தைந்து சொம்பு. அந்நீரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அரிசி களைந்த நீரும் அங்கேயே சென்றது. கன்று தளிர்த்தது.

கொய்யாவின் இளங்கிளையை விரலால் உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அது வட்டமாக இராது. நான்கு பட்டைகளுடன் சதுரமாக இருக்கும். முதிர முதிரத்தான் உருண்டையாகும். அடிமரத்தின் பட்டை மெல்லிய தாள்போல் உரிந்து விழ, உள்ளே பச்சையும் செம்பும் கலந்த வழுவழுப்பு தெரியும். பூ விடியற்காலையில் மலரும். வெள்ளை இதழ்களுக்கு நடுவே எண்ணற்ற மகரந்தத் தாள்கள் பொடி மயிர்போல் விரிந்து நிற்கும். சுப்ஹுத் தொழுகைக்கு எழுபவர்க்கே அக்காட்சி வாய்க்கும். கல்லூரியில் தாவரவியல் பயிலாத எம் அன்னையாரிடமிருந்தே இவற்றை யாம் கற்றோம்.

முதல் ஆண்டு பூத்த பூக்களைத் தந்தையார் கிள்ளி எறிந்துவிட்டார். இளங்கன்று காயைச் சுமந்தால் வளர்ச்சி குன்றும் என்பது அவர் கேட்டறிந்த பாடம். 1998இல் முதல் பழங்கள் வந்தன, பதினொன்று. அதற்குப் பின் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

பழம் எம் வீட்டில் விற்பனைக்கு வந்ததில்லை. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் ஒரு பருவத்துக்கு மரத்தையே பேசி எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோது, அன்னையார் அவருக்கு நான்கு பழங்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உச்சிக் கிளையில் உள்ளவை கிளிக்கும் அணிலுக்கும். சுவரைத் தாண்டித் தொங்குபவை சந்துப் பிள்ளைகளுக்கு. கைக்கு எட்டுபவை அக்கம்பக்கத்தார்க்கும் எமக்கும். இப்பங்கீடு எழுதப்படாத உயில்போல் நடந்தது. நோன்புக் காலத்தில் கஞ்சிக் கிண்ணத்தின் பக்கத்தில் மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய கொய்யாத் துண்டுகள் இருக்கும். நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் ஐம்பது அளவே என்பதை நூல்களில் பின்னர்ப் படித்தோம். விலை மலிந்த பொருளை மதிப்பதில்லை என்னும் நம் வழக்கத்தால் நோயாளியைக் காண்பதற்கு ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிச் செல்கிறோம்!

இலைக்கும் ஆள் வந்தது. வயிற்றுப்போக்கு என்றால் கொழுந்து இலை கேட்டு வருவோர் பலர். அன்னையார் இலையையும் கொடுப்பார். உடனே, "உப்பு சர்க்கரைத் தண்ணி குடு, நிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றும் சொல்லி அனுப்புவார். காலரா நோயாளரை வண்டி வண்டியாகக் கொண்டுவந்த காலத்தைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அருகிலேயே வாழ்ந்து கண்டவர் அவர். இலையை நம்பி மருத்துவரைத் தள்ளிவைக்கலாகாது என்பதில் உறுதியாக இருந்தார்.

மழைக்காலப் பழத்தில் புழு வைக்கும். பழ ஈ பழத்தைத் துளைத்து முட்டையிடுவதால் வருவது அது. விழுந்த பழங்களை அப்படியே விடாமல் ஆழப் புதைத்துவிட்டால் அடுத்த தலைமுறை ஈக்கள் குறையும். யாம் எம் அறிவைக் காட்ட விரும்பிக் கருவாட்டுத் துண்டை நெகிழிப் பையில் கட்டி, ஈக்களைக் கவரும் பொறியாகத் தொங்கவிட்டோம். ஈக்கள் வந்தனவோ இல்லையோ, காசிமேட்டுப் பூனைகள் அனைத்தும் வந்தன. மூன்றாம் நாளே பொறியை எடுத்துவிட்டோம். அன்னையார் ஓசையின்றித் தம் பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்துச் சிறு பைகள் தைத்தார். காய் எலுமிச்சை அளவு ஆனதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பையை மாட்டினார். மரமெங்கும் வெள்ளைப் பைகள் தொங்கின. சந்துப் பிள்ளைகள் அவற்றைத் தாயத்து என்று கருதி, சில காலம் கல்லெறிய அஞ்சினர். அவ்வாண்டு பழம் இரட்டிப்பாகக் கிடைத்ததற்கு எது காரணம் என்று இன்றளவும் எம்மால் சொல்ல இயலவில்லை.

2003ஆம் ஆண்டைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். மழை பொய்த்தது. புழல் ஏரி வறண்டது. குழாயில் காற்று வந்தது. மெட்ரோ வாட்டர் லாரியின் பின்னால் வண்ண வண்ணக் குடங்கள் வரிசை கட்டின. ஒருநாள் நள்ளிரவில் லாரி வந்து, ஐந்து குடம் நீருக்காகக் கைகலப்பு வரை சென்று, யாம் களைத்து வீடு திரும்பினோம். விடியலில் அன்னையார் கல்லின்மேல் அமர்ந்து ஒளுச் செய்துகொண்டிருந்தார். நீர் மரத்தின் தூரில் இறங்கிக்கொண்டிருந்தது. எமக்குச் சினம் பொங்கிற்று. "மனிதருக்கே நீர் இல்லாதபோது மரத்துக்கு ஒரு கேடா?" என்று கடிந்துவிட்டோம். படித்த பிள்ளை பேசிய பேச்சு அது! அன்னையார் தலையைத் தூக்கவில்லை. "மரத்துக்கு நான் தண்ணி ஊத்தலையேப்பா. நான் ஒளுச் செஞ்சேன், அது குடிச்சுது" என்றார். அன்றைய சொம்பில் நீர் பாதிக்கும் குறைவாகவே இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தோம்.

அவ்வாண்டுதான் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. எம் வீட்டுக்கு வந்த கொத்தனார் கூரைநீர்க் குழாய் இறங்கும் மூலையைப் பார்த்தார். அங்கே மரம் நின்றது. மரத்தை எடுத்துவிட்டால் குழி வெட்ட எளிது என்றார். "குழி நகரும், மரம் நகருமா?" என்று அன்னையார் கேட்டார். நான்கடி தள்ளிக் குழி வெட்டப்பட்டது. அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் கருங்கல் ஜல்லி, அதற்கும் மேலே மணல். குழாயை வளைத்துக் கொணர முந்நூறு ரூபாய் கூடுதலாயிற்று. தந்தையார் அத்தொகையைப் பலமுறை சொல்லிக் காட்டினார்.

2005ஆம் ஆண்டின் பெருமழையில் மொட்டைமாடி நீர் முழுவதும் அக்குழிக்குள் இறங்கியது. தூய மழைநீர் உவர்ப்பைக் கரைத்துக் கீழே தள்ளும் என்பது எளிய உண்மை. அதைக் கண்ணால் கண்டது அடுத்த கோடையில்தான். இலை நுனி கருகவில்லை. அடிபம்பு நீரைத் தந்தையார் கையில் ஏந்திச் சுவைத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். முந்நூறு ரூபாயைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் வடசென்னைக் குழாய்களில் நீர் வரத்து சீர்பட்டது. அந்நீரில் ஒளுச் செய்யும்போதெல்லாம் "கடலையே குடிக்கிறோம்" என்பார் தந்தையார். 2011இல் அவர் மறைந்தார்.

2013இல் எம் பகுதியின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. நிலத்தடியில் செல்லும் குழாயில் ஏற்பட்ட கசிவு. வாளியில் பிடித்த நீரில் நெருப்புக் குச்சியைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்று பேசிக்கொண்டனர். எம் சந்து வரை அது வரவில்லை. ஆயினும் அன்னையார் அடிபம்பைக் கயிற்றால் கட்டிவிட்டார். நாள்தோறும் காலையில் மரத்தடி மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். அப்பருவத்துப் பழங்களை எவர்க்கும் கொடுக்கவில்லை, யாமும் உண்ணவில்லை. "இல்லைன்னு உறுதியாத் தெரியாம எப்படி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறது?" கிளிகள் மட்டும் எதையும் கேளாமல் உண்டன.

மரத்தைக் கவாத்துச் செய்யுமாறு தந்தையார் காலம் முதலே தோட்டக்கலை அறிந்தோர் சொல்லி வந்தனர். கொய்யா பழைய கொம்பில் பூப்பதில்லை. அவ்வப்போது விடும் புதுத்தளிரின் கணுவிலேயே பூக்கும். எனவே வெட்டினால் தளிர்க்கும், தளிர்த்தால் காய்க்கும். கிளைகளை வளைத்துச் செங்கல் கட்டித் தொங்கவிட்டாலும் பக்கத் தளிர்கள் மிகும். செங்கல் கட்டுவதற்கு மட்டும் அன்னையார் இசைந்தார். கத்தியை அருகே விடவில்லை. அவர் விடாததைப் புயல் செய்தது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா சென்னை அருகே கரையைக் கடந்தபோது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசிற்று. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எம் கொய்யா சாயவில்லை; நடுவே பிளந்து ஒரு பாதி சுவரின்மேல் கிடந்தது. மறுநாள் மின்சாரம் இல்லாத இருட்டில், பிளந்த பாதியை அறுத்தெடுத்து, மறு பாதியையும் இடுப்பளவு விட்டுக் குறைத்து, வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவினோம். ஒரு மொட்டைக் கட்டை நின்றது. அன்னையார் வழக்கம்போல் ஐவேளையும் அக்கட்டைக்கு அருகே ஒளுச் செய்தார். பத்து வாரங்களில் அதனைத் தளிர் மூடிற்று. அடுத்த ஆண்டின் காய்ப்பைப்போல் அதற்கு முன் யாம் கண்டதில்லை.

2016இல் மெட்ரோ இரயில் பணி எம் நெடுஞ்சாலையில் தொடங்கி, 2021 பிப்ரவரியில் வண்டி ஓடும் வரை இலையெல்லாம் புழுதி. 2019 கோடையில் மீண்டும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. மரம் தாங்கிற்று என்பதே செய்தி.

அது தாங்காமற்போனது எம் பொருட்டே. இதை எழுதாமல் விடலாம். விட்டால் மேலே எழுதிய அனைத்தும் பொய்யாகும். எம் இளவலுக்குத் திருமணமாகி இரு பிள்ளைகள், எமக்கு மூவர். பழைய ஓட்டு வீட்டில் இடம் போதவில்லை. 2021இல் வீட்டை இடித்து இரண்டு தளங்களாகக் கட்ட முடிவு செய்தோம். வரைபடத்தில் மாடிப்படிக்கு ஓரிடமே இருந்தது. அது மரம் நின்ற இடம். வரைந்தவரிடம் வேறு வழி உண்டா என்று ஒருமுறை கேட்டோம். படியை முன்புறம் கொணர்ந்தால் ஓர் அறை சிறிதாகும் என்றார். யாமும் இளவலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வறை எம் இருவருள் ஒருவர்க்கு உரியது. வரைபடம் அப்படியே இருக்கட்டும் என்று கையொப்பமிட்டோம். குழியை நகர்த்த முந்நூறு ரூபாய் கொடுத்த குடும்பம் அது.

அன்னையார் மறுப்புச் சொல்லவில்லை. அவ்வாண்டு ஐப்பசி மழையில், பென்சில் பருமனுள்ள ஐந்து கொம்புகளைத் தாமே தேர்ந்து காட்டினார். ஒவ்வொன்றிலும் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, நனைத்த தேங்காய் நாரை வைத்து, நெகிழித் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டினோம். இரண்டு மாதத்தில் தாளின் உள்ளே வெள்ளை வேர்கள் தெரிந்தன. ஐந்தில் மூன்று வேர் பிடித்தன. அவற்றை அறுத்துப் பைகளில் வைத்தோம்.

மரத்தை வெட்டியது 2022 மார்ச்சில். அன்று அன்னையாரை இராயபுரத்தில் எம் தமக்கையார் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அவர் மனம் நோகலாகாது என்பதற்காகவே அனுப்பினோம் என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. கொய்யாக் கட்டை உறுதியானது. அதன் கவைக்கொம்பு உண்டிகோலுக்கு ஏற்றது என்பதால் சந்துப் பிள்ளைகள் போட்டியிட்டு எடுத்துச் சென்றனர். மாலையில் அன்னையாரை அழைத்து வரச் சென்றபோது அவர் கேட்டது இது மட்டும்: "கூடு ஏதும் இருந்துச்சா?"

"இல்லை, உம்மா" என்றோம்.

ஒன்று இருந்தது. இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டின் கூடு. வெறுமையாக இருந்தது என்றே எண்ணுகிறோம். அருகில் சென்று பார்க்கவில்லை.

மூன்று கன்றுகளுள் ஒன்று, வீடு கட்டும் காலத்தில் யாம் வாடகைக்கு இருந்த கொருக்குப்பேட்டை வீட்டிலேயே பட்டுப்போயிற்று. ஒன்றை எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார், "பாயம்மா மரம் எங்க வீட்லயும் இருக்கட்டும்" என்று வாங்கிச் சென்றார். மற்றொன்று புதிய வீட்டின் மொட்டைமாடியில், பாதியாக அறுத்த நீல நிறப் பீப்பாயில் நிற்கிறது. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. அடியில் நான்கு துளைகள். பீப்பாய் முன்பு என்ன சுமந்ததென்று கேட்டு, உணவுப் பொருள் வந்ததென்று உறுதி செய்துகொண்ட பிறகே அன்னையார் அதில் கன்றை வைக்க விட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எம் சந்தை நிறைத்தது. புதிய சேகரிப்புக் குழி வாசலில் இருக்கிறது. கொல்லையோ முழுவதும் சிமெண்டு. முன்பெல்லாம் கொல்லையில் தேங்கும் நீர் மாலைக்குள் மண்ணில் இறங்கிவிடும். அம்முறை மாடிப்படியின் இரண்டாம் படி வரை மூன்று நாள் நின்றது.

அன்னையாரால் இப்போது மாடி ஏற முடிவதில்லை. தரைத்தளத்துக் குளியலறைக் குழாயில் ஒளுச் செய்கிறார். ஆனால் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துவிடுகிறார். அஸர் முடிந்ததும் எம் இளைய மகன் அவ்வாளியை மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அவனுக்கு ஒன்பது வயது. நீரில் பாதி படியிலேயே சிந்திவிடுகிறது. அதற்கு நாள்தோறும் தன் தாயிடம் வசை வாங்குகிறான். சென்ற ஆண்டு ஒருநாள் வெறும் வாளியோடு தடதடவென்று ஓடி வந்து, "வாப்பும்மா, பூ விட்டிருக்கு" என்றான்.

"எத்தனை?"

அவன் எண்ணவில்லை. மீண்டும் மேலே ஓடினான்.